டிஷ் ஒயரும் ஒரு சாக்பீஸ் கோடும்

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, அரை மணி நேரத்துக்குள் என் கணவருக்கு நான்கு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

நான்குமே அவர் கேட்காதது.

'தண்ணி' என்றுதான் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. நான் காதால் கேட்டேன். என் மகள் நித்யா கேட்டாள். டிஷ் ஒயரிங் பற்றிப் பேச வந்திருந்த தனசேகரும் கேட்டார். ஆனால் என் கணவர் தண்ணீர் கேட்கவில்லை.

குழப்பமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற சிலர், "சார் எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி நீங்கள் எழுதி ரொம்ப நாளாகிவிட்டதே" என்று விசாரித்திருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. என்ன போடுவது என்று தெரியவில்லை. போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போனது, வலது கால் போனது, கூடவே பேச்சும் போனது.

கால் கொஞ்சம் திரும்பி வந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார். கை வரவில்லை. பேச்சில் மிச்சம் இருந்தது நான்கே வார்த்தைகள். 'ஆமா', 'வேண்டாம்', 'தண்ணி', அப்புறம் மகளுடைய பெயர். மகளையும் 'நித்யா' என்பார். என்னையும் 'நித்யா' என்பார். பிசியோதெரபிக்கு வருகிற மீசை வைத்த ஆளையும் ஒருநாள் 'நித்யா' என்றார். அந்த மனிதர் பெருந்தன்மையாக "சொல்லுங்க சார்" என்றார்.

"அவருக்கு எல்லாம் புரியும்மா. மனசுல நினைக்கிறது வார்த்தையா வெளியில வராது, அவ்வளவுதான். நீங்க வழக்கம்போல பேசுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நானும் பேசினேன். ஒரு மாதம்... இரண்டு மாதம்... பதில் வராத இடத்தில் எத்தனை நாள் பேசுவீர்கள்? நான் இப்படிச் செய்வேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் செய்தேன். அவரிடம் பேசுவது குறைந்து, அவரைப் பற்றிப் பேசுவது அதிகமானது. அதுவும் அவர் எதிரிலேயே. "அப்பா சாப்பிட்டாச்சா?" "மாத்திரை போட்டாச்சா?" "ராத்திரி தூங்கினாரா?"

இந்த நிலையில்தான் வீட்டில் மாடி கட்ட ஆரம்பித்தோம். கீழ்க்கட்டளையில் வாடகைக்கு இருக்கிற நித்யா, கணவன் குழந்தையோடு எங்களோடு வந்துவிடுவதாகச் சொன்னாள். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க இன்னொரு ஆள் வேண்டுமே. முடிச்சூரில் எங்களுடையது தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. மேலே ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை என்று திட்டம் போட்டோம். வேலை தொடங்கி, மாடிச் சுவர் எழும்பி, மேலே தளமும் போட்டு, பூச்சுக்கு முன்னால் சுவரை வெட்டிப் பைப் பதிக்கிற கட்டம் வந்தது.

கரன்ட் ஒயரிங்கெல்லாம் ஒரு மாதிரி முடிவாகிவிட்டது. டிவிக்கு?

"இந்தக் காலத்துல யாரும்மா டிஷ் போடறாங்க? வைஃபை போதும்" என்றாள் நித்யா. தெருவிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். நான்தான் டிஷ் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். காரணம் இருக்கிறது. நெட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதன் பெயரை எழுத வேண்டும், அல்லது வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் இவரால் முடியாது. ஆனால் ரிமோட்டில் இடது கைக் கட்டைவிரலால் சேனலை மாற்றுவார். மேலே, கீழே, மேலே, கீழே... நாள் முழுக்க யாருடைய தயவும் இல்லாமல் அவர் செய்கிற ஒரே காரியம் அது. அதை எப்படி விடுவது?

அப்படித்தான் தனசேகர் வந்தார்.

தனசேகருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முடிச்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். டிஷ், கேமரா, இன்வெர்ட்டர் என்று இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான். காதில் ஒரு பென்சில், கையில் ஒரு சாக்பீஸ், பேன்ட் பாக்கெட்டில் அளவு டேப். வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார். பிறகு கீழே வந்து ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, டாக்டர் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்.

"எத்தினி டிவி மேடம்? யார் யார் எங்க உக்காந்து பாப்பீங்க?"

"மூணு. இந்த ஹால்ல ஒண்ணு, அப்பா ரூம்ல ஒண்ணு, மேல எங்க ஹால்ல ஒண்ணு" என்றாள் நித்யா.

"சார் இன்னா பாப்பாரு?"

"நியூஸ். கிரிக்கெட்" என்று நித்யா சொன்னாள்.

தனசேகர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த என் கணவரைப் பார்த்து, "அப்டியா சார்?" என்றார்.

"அவருக்குப் பேச வராது தனசேகர். ஸ்ட்ரோக்" என்று நான் முந்திக்கொண்டேன். ஏதோ தவறான கவுன்டரில் நிற்கிறவரைச் சரியான கவுன்டருக்கு அனுப்புகிற மாதிரி.

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையை விளக்கினார். மேலே டிஷ்ஷிலிருந்து ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனி ஒயர் வர வேண்டுமாம். எல்லா ஒயரும் ஒரே பைப்பில் கீழே இறங்கி, ஒரு பெட்டிக்குள் வந்து சேரும். அங்கிருந்து அறை அறையாகப் பிரியும். அந்தப் பெட்டிக்கு ஒரு கரன்ட் பாயின்ட்டும் வேண்டும். பின்னால் ரிப்பேர் வந்தால் அந்தப் பெட்டியைத் திறந்தால் போதும், சுவரை உடைக்க வேண்டியதில்லை.

"பொட்டிய எங்க வெக்கலாம்?"

நித்யா உடனே மாடிப்படிக்கு அடியில் கை காட்டினாள். இன்வெர்ட்டரும் அங்கேதான் இருக்கிறது. வெளியில் தெரியாது, அழகும் கெடாது. தனசேகர் குனிந்து, முழங்கால் உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார்.

"தண்ணி" என்றார் என் கணவர்.

எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரை வாங்கி வைத்தேன்.

"தண்ணி."

மறுபடியும் கொடுத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம்" என்றார். நான் டம்ளரோடு திரும்பியதும், "தண்ணி... தண்ணி!" குரல் உயர்ந்தது.

"அப்பாக்கு வெந்நீர் வேணுமோ என்னவோம்மா" என்றாள் நித்யா. வெந்நீர் கலந்து கொண்டுவந்தேன். அதையும் வேண்டாம் என்றார். முகம் சிவந்துவிட்டது. இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். வெளியாள் எதிரில் இப்படி ஆகிறதே என்று எனக்கு ஒரே கூச்சம். நான்காவது டம்ளரை வாயருகில் கொண்டுபோனபோது, ஒரே தட்டு. டம்ளர் பறந்து போய்ச் சுவரில் மோதி விழுந்தது. என் புடவையெல்லாம் ஈரம்.

"என்னங்க இது! குழந்தை மாதிரி!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை அது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறவர், இந்தப் பக்கம் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்ட நிமிடம் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

தனசேகர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு நேராகப் போய், நாற்காலிக்கு எதிரில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சார் குடிக்கிறதுக்குக் கேக்கல மேடம். நான் அங்க கோடு போட்டதுலேர்ந்துதான் சொல்லிக்கினு கீறாரு. கொஞ்சம் இருங்க."

பிறகு அவரிடம், "இன்னா சார்? அந்தப் பொட்டி அங்க வர்றது புடிக்கலயா?"

"வேண்டாம்."

"பொட்டியே வேண்டாமா, அந்த எடம் வேண்டாமா?"

இடது கை உயர்ந்து மாடிப்படி அடியைக் காட்டியது. "தண்ணி."

"அங்க பைப் எதுனா ஓடுதா? லீக்காவுதா?"

தலையாட்டல். இல்லை.

"அப்ப..." தனசேகர் நிறுத்தினார். திறந்திருந்த வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தார். திரும்பவும் அந்தச் சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்தார். "சார்... மழத் தண்ணியா? ரெண்டாயிரத்துப் பதினஞ்சா?"

என் கணவரின் உடம்பு முழுவதுமாகத் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா" என்றார். "ஆமா... ஆமா... ஆமா."

நான் அந்தச் சாக்பீஸ் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

தனசேகர் என் பக்கம் திரும்பினார். "முடிச்சூர்ல தண்ணின்னா மூணு அர்த்தம் மேடம். குடிக்கிற தண்ணி ஒண்ணு, அடிக்கிற தண்ணி ஒண்ணு, வூட்டுக்குள்ள வர்ற தண்ணி ஒண்ணு. சாரப் பாத்தா ரெண்டாவது கேக்குற ஆள் மாரி தெர்ல."

நித்யா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அதைவிட ஆச்சரியம், என் கணவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது. ஆனால் சிரிப்புதான்.

இப்போது சொல்லுங்கள்... இரண்டாயிரத்துப் பதினைந்து சென்னை வெள்ளத்தில் இந்த வீட்டுக்குள் இருந்த நான் அதை எப்படி மறந்தேன்?

மறக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். வீட்டை அலசினோம், பெயின்ட் அடித்தோம், புது பீரோ வாங்கினோம். அதன் பிறகு தெருவில் ரோட்டை உயர்த்தினார்கள், வீடு இன்னும் பள்ளமானது. அதையும் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டோம். நித்யா அப்போது வெளியூரில் ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்கு அது போட்டோவில் பார்த்த விஷயம்.

அன்றைக்குத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியபோது நான் சாமி படத்தையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். இவர் ஓடவில்லை. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு படிக்கு அடியில் போய் இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றினார். நான் மேலேயிருந்து கத்துகிறேன், "வாங்க, எல்லாம் போனா போகுது" என்று. "வெளியில கரன்ட் போனாலும் இது உள்ள கரன்ட் குடுத்துக்கிட்டே இருக்கும். தண்ணியில யாராவது கால் வச்சா என்ன ஆகறது?" என்று நிதானமாகப் பதில் சொன்னார். வேலையில் இருந்தவரை ரயில் சிக்னல் பராமரிப்பில் இருந்தவர் அவர். ஒயரும் பெட்டியும்தான் அவருடைய வாழ்க்கை. பெட்டிக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா?

அதே படிக்கு அடியில், முழங்கால் உயரத்தில், நாங்கள் இன்னொரு கரன்ட் பெட்டியைப் பதிக்கப் பார்த்தோம். பத்தடிக்கு மேல் நடக்க முடியாத ஒருவர் படுக்கிற தரைத்தளத்தில். அவர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். நான் டம்ளர் நீட்டிக்கொண்டே இருந்தேன்.

"எவ்ளோ ஒசரம் வந்துச்சு சார் உள்ள?" என்று கேட்டார் தனசேகர்.

என் கணவர் கையை நீட்டினார். சாக்பீஸ் கேட்கிறார் என்று இந்தத் தடவை எனக்கே புரிந்தது. வாக்கரைக் கொண்டுவந்தோம். நித்யா ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, சுவர்வரை நடந்தார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். அங்கே எந்த அடையாளமும் இல்லை. இரண்டு தடவை பெயின்ட் அடித்த வழவழப்பான சுவர். இடது கையால், நடுங்கி நடுங்கி, என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு போட்டார்.

"அவ்வளவா இருக்கும்? இடுப்பு வரைக்கும்தானே..." என்று இழுத்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான்தான் மாடியில் இருந்தேனே.

தனசேகர் வாதாடவில்லை. பின்பக்கம் போனார். தோய்க்கிற கல்லுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரில் பெயின்டே படாத ஒரு மூலை இருக்கிறது. அங்கே பழுப்பாக ஒரு கறை இன்னும் நீளமாக ஓடுகிறது. வெள்ளம் நின்ற மட்டம். நான் தினமும் துணி துவைக்கிற இடம். கண்ணில் பட்டதே இல்லை.

ஆனால் உள்ளே தரை உயரம், வெளியே மண் பள்ளம். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? கொத்தனார் வைத்துவிட்டுப் போயிருந்த லெவல் ட்யூபை எடுத்தார் தனசேகர். கட்டட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமான, உள்ளே தெரிகிற ட்யூப். தண்ணீர் நிரப்பினால், இரண்டு முனையும் எங்கே இருந்தாலும் உள்ளே தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "சார் போட்ட கோட்டுல தண்ணி நிக்கிற மாரி புடிங்க மேடம்" என்றார். மறுமுனையைப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போனார்.

நான் சுவரோடு சுவராக நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வாக்கரில் அவர். தண்ணீர் மேலும் கீழும் ஆடி, ஆடி... நின்றது.

"மேடம்!" பின்பக்கத்திலிருந்து சத்தம். "ரெண்டு வெரல்தான் வித்தியாசம்!"

பெயின்டுக்கு அடியில் புதைந்துபோன ஒரு மட்டத்தை, இத்தனை வருடம் கழித்து, மூளையில் ரத்தக்குழாய் அடைத்த ஒரு மனிதர் இரண்டு விரல் வித்தியாசத்தில் சொல்கிறார். எனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் இடுப்பு என்கிறேன்.

தனசேகர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். "சாருக்கு எல்லாம் கரெக்டா கீது மேடம். வார்த்தை மட்டும்தான் வர்ல."

டாக்டர் சொன்னதும் இதேதான். அன்றைக்கு அது எனக்குத் தகவல். இன்றைக்குச் சுவரில் கோடாக நின்றது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நடந்ததே வேறு இரண்டு பேருக்கு நடுவில்தான். நானும் நித்யாவும் பார்வையாளர்கள். தனசேகர் மொட்டை மாடிக்குப் போய், என் போனுக்கு வீடியோ கால் போட்டார். நான் போனை என் கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"சார், டிஷ்ஷ இந்தக் கெழக்குச் செவுத்துமேல வெக்கலாமா? வானம் நல்லா தெரியுது."

"வேண்டாம்."

"ஏன் சார்? தென்ன மரமா? அது அந்தாண்ட கீது சார், மறைக்காது."

தலையாட்டல், இல்லை என்று. இடது கை, ஜன்னலுக்கு வெளியே கிழக்குப் பக்கத்து மனையைக் காட்டியது. அங்கே புதுசாக ஃபிளாட் எழும்புகிறது. இப்போதைக்கு ஒரு மாடி உயரம், மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

"அந்தக் கட்டடமா? எத்தினி மாடி சார் வருது?"

நான்கு விரல்.

"நாலு மாடி ஏத்துறானா! அப்ப அதுக்கு நேரா டிஷ்ஷ வெச்சா ஆறு மாசத்துல சிக்னல் அவுட்டு. பேஜாராப் பூடும்" என்றார் தனசேகர். டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவில் எதுவும் குறுக்கே வரக்கூடாதாம். "மேக்கால, தண்ணித் தொட்டி தாண்டி வெக்கலாமா சார்?"

"ஆமா."

நான்கு மாடி என்று இவருக்கு எப்படித் தெரியும்? பதினொரு மாதமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாரே. இன்ஜினியர் வருவதும் போவதும், ஆட்கள் வாசலில் நின்று பேசுவதும்... எல்லாம் இந்த ஜன்னலுக்கு அடியில்தான். வெறித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் போன் பேச்சுகளையும் சேர்த்துத்தான்... இப்போதெல்லாம் போன் வந்தால் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

தனசேகர் கீழே வந்ததும் காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "ஒரு படம் போட்டுக் குடுங்க சார். நான் அதும்படி போட்டுர்றேன்."

நித்யாவின் குழந்தை விட்டுவிட்டுப் போன டிராயிங் நோட்டை மடியில் வைத்தோம். விழுந்த நாளிலிருந்து அவர் பென்சிலைத் தொட்டதில்லை. பிசியோதெரபிஸ்ட் எத்தனையோ முறை கொடுத்துப் பார்த்திருக்கிறார். "வட்டம் போடுங்க சார், கோடு போடுங்க சார்" என்று. தூக்கிப் போட்டுவிடுவார். ஏன் வட்டம் போட வேண்டும்? எதற்காகக் கோடு? இன்றைக்கு ஒரு காரணம் இருந்தது.

இருபது நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கோணல்மாணலாக ஒரு வீடு. மேலே தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேற்கே டிஷ். அங்கிருந்து ஒயர் இறங்கி, மாடிப்படி முடிகிற இடத்தில், மேல்தளத்தில், ஒரு பெட்டி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய பெட்டி. "இன்வெர்ட்டரையும் மேல ஏத்தணும்ன்றாரு. கரெக்டு" என்றார் தனசேகர். கரன்ட் ஒயருக்கு ஒரு கோடு, டிஷ் ஒயருக்கு ஒரு கோடு. இரண்டும் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைப் பென்சிலால் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். "தெரியும் சார். ரெண்டையும் ஒரே பைப்ல போட மாட்டேன்" என்று தனசேகர் நல்ல மாணவன் மாதிரி சொன்னார்.

பெட்டியிலிருந்து அறைகளுக்குக் கோடுகள் பிரிந்தன. மேல் ஹாலுக்கு ஒன்று. கீழ் ஹாலுக்கு ஒன்று. அவருடைய அறைக்கு ஒன்று.

முடிந்தது என்று நித்யா நோட்டை எடுக்கப் போனாள். விடவில்லை. நான்காவதாக ஒரு கோடு போட்டார். நீளமாக, வீட்டின் பின்பக்கம்வரை.

"இது எங்க சார் போவுது?" தனசேகர் எட்டிப் பார்த்தார். "இது கிச்சனாச்சே."

"நித்யா" என்றார் அவர்.

"எனக்கா? எனக்கு மேலதான் இருக்கேப்பா" என்றாள் நித்யா.

"வேண்டாம். நித்யா... நித்யா." இடது கை என் பக்கம் நீண்டது.

கரண்டியோடு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓடி ஓடி சீரியல் பார்க்கிறவள் நான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். "ஒண்ணு குழம்பு தீயும், இல்ல கதை விட்டுப்போகும்" என்று கேலி செய்வார். டிவி யார் யார் எங்கே பார்ப்பீர்கள் என்று தனசேகர் கேட்டபோது, நித்யாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. நான்கு டம்ளர் தண்ணீரை வாயில் திணிக்கப் பார்த்து, 'குழந்தை மாதிரி' என்று கத்திய பெண்டாட்டிக்கு, சமையலறையில் ஒரு டிவி பாயின்ட் போடுகிறார் மனிதர்.

நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா போய் நின்றுகொண்டிருந்தேன்.

தனசேகர் கிளம்பும்போது வாசல்வரை போனேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போய், வார்த்தை வராமல் நின்றேன். எனக்கும்!

"நீங்க இன்னிக்குப் பண்ணது..." என்று ஆரம்பித்தேன்.

"நான் இன்னா மேடம் பண்ணேன்? வூட்ல இருக்குறவரக் கேக்காம வூட்டுக்கு ஒயர் போட முடியுமா? அவர்தான் சொன்னாரு, நான் கேட்டுக்கினேன். அவ்ளோதான்." வண்டியை உதைத்தவர், திரும்பி, "எங்க வூட்லயும் அன்னிக்குக் கட்டிலெல்லாம் மெதந்துகினு இருந்துச்சு மேடம். அதான் டக்குனு புரிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவு எளிதா அது? கேட்டுக்கொள்வது? பதினொரு மாதம் கூடவே இருந்த எனக்கு வரவில்லையே. வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தேன், துடைத்துவிட்டேன், ஊட்டிவிட்டேன். ஒரு யோசனை மட்டும் கேட்கவில்லை. பார்த்துக்கொள்வதிலேயே களைத்துப்போய், அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எவ்வளவு களைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ஏதாவது ஒரு சின்ன விஷயத்தில், 'நீங்க என்ன சொல்றீங்க?' என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அவ்வளவுதான்.

ஒயரிங் வேலை முடிந்துவிட்டது. டிஷ் தொட்டிக்கு மேற்கே நிற்கிறது. பெட்டியும் இன்வெர்ட்டரும் மேலே. போன வாரம் பெய்த மழையில் தெருவில் கணுக்கால் அளவு நின்றது. நான் ஜன்னல் பக்கம் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. பழைய டெஸ்ட் மேட்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைகள் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர், "சார் இப்பல்லாம் நல்லா ஒத்துழைக்கிறார்" என்கிறார். டிராயிங் நோட்டு இப்போது அவருடையது. நித்யாவின் குழந்தைக்கு வேறு வாங்கிவிட்டோம்.

நேற்று பெருங்களத்தூர் பக்கம் ஒரு கடைக்கு அவரையும் அழைத்துப் போனோம். மாடிச் சமையலறைக்கு டைல்ஸ். நித்யாவுக்கும் எனக்கும் சாம்பல் நிறம் பிடித்திருந்தது. மறக்காமல், முறையாக, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரிடம் கேட்டேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கடை முழுக்க ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஒரு மூலையில் இருந்த பளீர் மஞ்சளைக் காட்டினார்.

அந்த மஞ்சள் டைல்ஸே இன்று வீட்டில் வந்து இறங்கிவிட்டது. கண் கூசுகிறது... இனிமேல் எல்லாவற்றையும் கேட்க மாட்டேன்!